புழு தொடாத துவரைச் செடி: அந்த விதையை எடுத்து வைக்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் இரண்டு ஏக்கரில் மானாவாரித் துவரை போடுகிறேன். பூ எடுத்ததும் பச்சைக் காய்ப்புழு வந்துவிடுகிறது. மூன்று முறை மருந்து அடித்தும் காயெல்லாம் ஓட்டை. ஆனால் அதே வயலில் பத்துப் பன்னிரண்டு செடிகளில் புழுவே இல்லை. அந்த விதையைத் தனியாக எடுத்து விதைத்தால் புழுவைத் தாங்கும் ரகம் கிடைக்குமா?

பதில்: எடுத்து வையுங்கள். ஆனால் அடுத்த ஆண்டே இரண்டு ஏக்கரிலும் அதையே விதைத்துவிடாதீர்கள்.

முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தச் செடிகள் புழுவைத் தாங்கினவா, அல்லது தப்பித்தனவா? இந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி மொட்டிலும் பூவிலும் இளங்காயிலும்தான் பெரும்பாலும் முட்டையிடும். மற்ற செடிகளுக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ பூத்த செடிக்கு, அந்துப்பூச்சி கூட்டமாக வந்த நாளில் பூவே இருந்திருக்காது. அதைத் தாங்கும் செடி என்று எண்ணி விதை எடுத்தால், அடுத்த ஆண்டு பூச்சி வரும் நாள் மாறியதும் அதுவும் ஓட்டைக் காயோடு நிற்கும். ஆராய்ச்சி நிலையங்களிலும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் ஒரே சமயத்தில் பூக்கும் ரகங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். வலைக்கூண்டில் செடியை மூடி, எண்ணிப் புழுவை உள்ளே விட்டும் சோதிக்கிறார்கள்.

அப்புறம் தேனீ. துவரை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், தேனீ நிறைய வரும் இடத்தில் நூற்றுக்கு இருபது விதை அடுத்த செடியோடு கலந்திருப்பது சாதாரணம். சில இடங்களில் அதைவிடக் கூடுதல். தாய்ச்செடி நல்ல செடியாகவே இருந்தாலும் பிள்ளைகள் எல்லாம் அதைப் போல இருக்காது.

அதனால் இந்த முறை இப்படிச் செய்து பாருங்கள். வயலின் ஒரு ஓரத்தில் நான்கைந்து வரிசைக்கு மருந்தே அடிக்காமல் விடுங்கள். நீங்கள் குறித்து வைத்த ஒவ்வொரு செடியின் விதையையும் அங்கே தனித்தனி வரிசையாக விதைத்து, நடுநடுவே உங்கள் வழக்கமான ரகத்திலும் ஒரு வரிசை போடுங்கள். எந்தச் செடி என்று பூத்தது என்பதை நோட்டில் எழுதுங்கள். ஒரே வாரத்தில் பூத்த செடிகளில் நூறு காய் பறித்து, எத்தனை ஓட்டை என்று எண்ணி ஒப்பிடுங்கள். நன்றாக இருக்கும் செடியில் பூ விரியும் முன்பே ஒரு கிளையைக் கொசுவலைத் துணிப் பையால் மூடிக் கட்டிவிட்டால், அந்தக் கிளையின் விதையில் கலப்பு இருக்காது. இதையே மூன்று ஆண்டு செய்யுங்கள். மூன்று ஆண்டும் முன்னே நிற்கும் வரிசைதான் உண்மையில் தாங்கும் வரிசை.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்கலாம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான துவரை வகைகளை இந்தப் புழுவுக்காகச் சோதித்தது. கிடைத்தவற்றில் பேர் சொல்லும்படி வந்தது ஐ.சி.பி.எல் 332 என்ற ரகம். 1989-ல் ஆந்திராவில் ‘அபயா’ என்ற பெயரில் வெளியானது. புழுவை ஓரளவு தாங்கும். ஆனால் வாடல் நோய்க்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும், பயிர் மேம்பாட்டில் இதுதான் பெரிய போராட்டம்.

நல்ல எதிர்ப்பு இருப்பது காட்டு உறவுகளில். புதரோரம் படரும் ‘கஜானஸ் ஸ்கராபியாய்டஸ்’ என்ற காட்டுத் துவரை இனத்தின் காயை ஒரு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. காய் முழுக்க நெருக்கமாகக் குட்டை ரோமம். பொரித்த குஞ்சுப்புழு அந்த ரோமக் காட்டைத் தாண்டிக் காயின் தோலைத் தொட முடியாமல் திணறும். நம் துவரைக் காயிலோ சுரப்பி ரோமங்கள் உண்டு. அவற்றிலிருந்து கசியும் பொருள் புழுவுக்குத் தின்னும் ஆசையைத் தூண்டிவிடுகிறது. இந்தக் காட்டு இனத்தைத் துவரையோடு ஒட்டுச்சேர்க்க முடியும். ஆனால் கூடவே பொடி விதை, படரும் குணம், காய் வெடித்துச் சிதறும் குணம் எல்லாம் வந்துவிடும். அவற்றைக் கழிக்கத் தலைமுறை தலைமுறையாகத் துவரையோடு திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பி.டி துவரை, அதாவது புழுவைக் கொல்லும் பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்திய துவரை என்று யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள். இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. 2019-ல் நைஜீரியா பி.டி தட்டைப்பயறுக்கு அனுமதி தந்தது. ஆனால் அது புள்ளிக் காய்ப்புழு என்ற வேறு புழுவுக்காக.

இப்போதைக்குக் கொத்தாக ஒரே நேரத்தில் பூக்கும் ரகத்தைத் தவிர்த்து, நீண்ட நாள் விட்டுவிட்டுப் பூக்கும் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் பூவைப் புழு தின்றாலும், நிலத்தில் ஈரம் இருந்தால் அடுத்த பூவில் காய் பிடித்துவிடும். ஏக்கருக்கு அந்துப்பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி 5, புழு தின்னும் பறவைகள் உட்காரக் குச்சி 20 வையுங்கள். புழு பெரிதாகிவிட்டால் செடிக்கடியில் தார்ப்பாய் விரித்து உலுக்குங்கள். விழுவதைக் கோழி பார்த்துக்கொள்ளும். இந்தப் புழு பல மருந்துகளுக்குப் பழகிவிட்டது, ஆகவே அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது வீண் செலவு.

குறித்த செடிகளின் விதையை இப்போதே தனித்தனித் துணிப்பையில் போட்டு, பையில் எண் எழுதிவிடுங்கள். காய் முற்றும்போதே பயறு வண்டு வயலில் முட்டையிட்டிருக்கும். விதையை நன்றாக வெயிலில் காயவைத்து, ஈரச் செம்மண்ணில் புரட்டி உலர்த்தி வையுங்கள்.