முதலில் அவள் அப்பா படிக்கட்டும்

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. ஏழு வயதில் அவள் கையில் டென்னிஸ் ராக்கெட்டைக் கொடுத்தோம். 2014-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஃபைனலை டிவியில் பார்த்துவிட்டு என் கணவர் எடுத்த முடிவு அது. சீன வீராங்கனை லீ நா கோப்பையோடு நிற்கும் படம் இன்றும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. பதினோரு வருடமாக விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி, ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவள் நான். மாநில அளவில் ஆடினாள். பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த அன்று கிட் பேகைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, "இனிமே ஆட மாட்டேன்மா. பந்து சத்தம் கேட்டாலே வயித்தைப் புரட்டுது. காலேஜ்ல விஸ்காம் படிக்கப்போறேன்" என்றாள். அப்பாவும் மகளும் பேசி ஒரு மாதம் ஆகிறது. வாயைத் திறந்தால் இவர் சொல்வது ஒன்றுதான்: "லீ நாவைப் பாரு. அப்பா போன பிறகும் விடாம ஆடினா. நீ பாதியில ஓடுற." காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்தான் சேர வேண்டும் என்றும் பிடிவாதம். லீ நாவைப் பற்றி நீங்கள் எழுதினால் மகளிடம் காட்டுவேன். அவள் மனசு மாறுமா?

- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, லீ நாவைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் மகளிடம் காட்டுவதற்கு முன்னால் இதை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அவர் இத்தனை வருடமாக ஹாலில் மாட்டி வைத்திருக்கும் அந்தப் பெண், 20 வயதில் டென்னிஸை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனவர். விடாமல் ஆடினார் என்பது பாதி உண்மைதான். விட்டார். ஏறக்குறைய இரண்டு வருடம் ராக்கெட் பக்கமே வராமல் வகுப்பில் உட்கார்ந்து இதழியல் படித்தார். உங்கள் மகள் கேட்கும் படிப்புக்குப் பக்கத்துப் படிப்பு!

கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலவரம் அதில் நிறையவே இருக்கிறது.

லீ நா 1982-ல் சீனாவின் ஹூபே மாநிலத் தலைநகர் வூஹானில் பிறந்தவர். அப்பா பேட்மின்டன் ஆடியவர். மாவோ ஆட்சியில் நடந்த கலாசாரப் புரட்சிக் காலத்தில் அவருடைய ஆட்டம் முடங்கிப்போனது. தனக்குக் கிடைக்காதது மகளுக்காவது கிடைக்கட்டும் என்று சின்ன வயதிலேயே அவளை பேட்மின்டனில் சேர்த்தார். அங்கே ஒரு பயிற்சியாளர், இந்தக் குழந்தை மணிக்கட்டைவிடத் தோளைப் போட்டுத்தான் அடிக்கிறாள், இவளுக்கு டென்னிஸ்தான் சரிவரும் என்றார். அப்போது அவளுக்கு எட்டு வயது. அந்தக் காலத்தில் சீனாவில் டென்னிஸ் பலருக்கும் தெரியாத ஆட்டம். பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பின்னாளில் தன்வரலாற்றில் லீ நா இதை எழுதும்போது, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், என்னைத்தான் யாரும் கேட்கவில்லை என்கிறார். நான் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன். உங்கள் கணவரும் அந்த வரியில் கொஞ்சம் நிற்கட்டும்.

14 வயதில் அப்பாவை இழந்தார். உங்கள் கணவர் சொல்வது சரிதான், அதற்குப் பிறகும் ஆடினார். ஆனால் எந்த மனநிலையில் ஆடினார்? ஒன்பது வருடம் ஒரே பயிற்சியாளரிடம் இருந்தும் 'நன்றாக ஆடினாய்' என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை என்று லீ நாவே சொல்லியிருக்கிறார். தப்பு செய்தால் திட்டு, சரியாகச் செய்தால் மௌனம். அந்தத் திட்டு கடைசிவரை அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. உலகத் தரவரிசையில் முன்னால் இருந்த காலத்திலும் ஒரு பந்து தவறிவிட்டால் தன்னைத்தானே ஏசிக்கொண்டு, அடுத்தடுத்து நாலு பந்துகளைக் கோட்டைவிடுவார். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1999-ல் தொழில்முறை வீராங்கனை ஆனார். 2002-ல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தேசிய அணியின் விடுதியில் ஓய்வு கேட்டு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். காரணங்கள் பல. உடம்பும் மனசும் சலித்துப்போயிருந்தன. அணியில் கூட ஆடிய ஜியாங் ஷானோடு அவருக்கு இருந்த காதல் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மாதவிடாய்த் தொல்லையால் அவதிப்பட்ட பெண்ணிடம் ஹார்மோன் மருந்தை எடுத்துக்கொண்டு ஆடச் சொன்னார்கள். அந்த மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சகோதரி, இந்த இடத்தில் உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். பந்து சத்தம் கேட்டாலே வயிற்றைப் புரட்டுகிறது என்று உங்கள் மகள் சொன்னாளே, ஏன் என்று யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா? ஆட்டம் அலுத்துப்போய் விடுகிற பிள்ளைகள் இப்படிச் சொல்வதில்லை. "போரடிக்குதும்மா" என்பார்கள். இவள் சொல்வதில் பயம் தெரிகிறது. பயிற்சி கொடுத்தவர் மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தினாரா, உடம்பைப் பற்றி ஏதாவது பேசினாரா, வேறு ஏதாவது நடந்ததா, மாதாமாதம் அந்த நாட்களிலும் கட்டாயப்படுத்தி ஆடவைத்தார்களா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காகக் கேட்காதீர்கள். அந்த எண்ணம் உங்கள் குரலில் துளி இருந்தாலும் பிள்ளை வாயை மூடிக்கொள்வாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து எங்காவது கூட்டிப்போங்கள், கோர்ட் இல்லாத பக்கமாக. முகம் பார்க்காமல் பேசும்போது சில விஷயங்கள் சுலபமாக வரும். தவறாக ஏதேனும் நடந்திருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டா பேச்செல்லாம் அப்புறம். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தாலும் வழி சொல்வார்கள், நேராகக் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

மாதவிடாய் வலியோடு ஆடுவது பழங்காலக் கதையும் கிடையாது. 2022 ஃபிரெஞ்ச் ஓபனில் ஜெங் சின்வென் என்ற 19 வயதுச் சீனப் பெண், அப்போது உலகின் முதல் நிலையில் இருந்த இகா ஸ்வியான்டெக்கிடம் முதல் செட்டைப் பறித்தார். அதன் பிறகு வயிற்று வலி. அடுத்த இரண்டு செட்டும் போயின. ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் கேட்டபோது, மாதவிடாயின் முதல் நாள், எப்போதுமே எனக்குக் கஷ்டம்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2002-ல் லீ நா யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருந்த விஷயத்தை, அதே ஹூபே மாநிலத்துப் பெண் இருபது வருடம் கழித்து மைக் முன்னால் சொன்னார். உங்கள் மகள் உங்களிடம் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்க வேண்டும்.

சரி, லீ நா எப்படித் திரும்பி வந்தார்? சுன் ஜின்ஃபாங் என்ற பெண் தேடிப்போனார். சீன வாலிபால் அணியின் கேப்டனாக இருந்து உலகக் கோப்பை வென்றவர். பிறகு டென்னிஸ் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர். அவர் நாட்டுக்காக ஆடு, மாநிலத்துக்காக ஆடு என்று கேட்கவில்லை. உனக்காக ஆடிப்பாரேன் என்றுதான் கேட்டார். அதுவரை லீ நாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. 2004-ல் திரும்பியபோது தரவரிசையில் அவருக்கு இடமே இல்லை. சின்னப் போட்டிகளிலிருந்து தொடங்கினார். அதே வருடம் குவாங்சோவில் தகுதிச் சுற்றில் ஆடி, பிரதான சுற்றுக்குள் நுழைந்து, கோப்பையையே வென்றார். மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை ஒரு சீனப் பெண் வென்றது அதுதான் முதல் முறை. 2006-ல் விம்பிள்டன் கால் இறுதி. அதே வருடத் தொடக்கத்தில் ஜியாங் ஷானோடு கல்யாணம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு வந்த மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான ஏற்றம் அதற்குப் பிறகுதான். அதுவரை எந்தப் போட்டிக்குப் போவது, யாரிடம் பயிற்சி எடுப்பது என்பதெல்லாம் அரசு அதிகாரிகள் கையில். ஜெயிக்கும் பணத்தில் 65 சதவீதம் அரசு விளையாட்டு அமைப்புக்கு. அந்த வருடக் கடைசியில் லீ நா, ஜெங் ஜியே, யான் சி, பெங் ஷுவாய் ஆகிய நால்வருக்கும் தனியாக இயங்க அனுமதி கொடுத்தார்கள். சீனத்தில் அதற்கு 'தனியாகப் பறத்தல்' என்று பெயர். பயிற்சியாளர் சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் சொந்தச் செலவு. அமைப்புக்குக் கொடுக்க வேண்டியது 8 முதல் 12 சதவீதம். தோற்றால் நஷ்டம் தன்னுடையது. லீ நா அதைத்தான் தேர்ந்தெடுத்தார், அதுவும் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்த காலத்தில்.

பிறகு நடந்தது உங்கள் கணவருக்கே தெரியும். 2010-ல் ஆஸ்திரேலிய ஓபன் அரை இறுதி. 2011-ல் அங்கேயே ஃபைனல், கிம் கிளைஸ்டர்ஸிடம் தோல்வி. கிராண்ட் ஸ்லாம் என்னும் டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒற்றையர் ஃபைனலுக்குப் போன முதல் ஆசியர் அவர்தான். அதற்குப் பிறகு அந்த வசந்த காலத்தில் சில ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றார். அப்போது அவருடைய பயிற்சியாளர் யார் தெரியுமா? கணவர் ஜியாங் ஷான். கோர்ட்டில் கோச், வீட்டில் கணவர் என்றால் சாப்பாட்டு மேசையிலும் பேக்ஹேண்ட் பேச்சுதானே. ஜியாங் ஷான் அந்தப் பொறுப்பிலிருந்து இறங்கிக்கொண்டார். டென்மார்க்காரர் மைக்கேல் மார்டென்சன் வந்தார். ஜியாங் ஷான் எங்கும் போய்விடவில்லை. கேலரியில் கணவராக உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 4, 2011. பாரிஸ், ஃபிரெஞ்ச் ஓபன் நடக்கும் ரோலான் கேரோஸ். செம்மண் தளம் லீ நாவுக்குப் பிடித்த தளமே இல்லை. எதிரில் முந்தின வருடச் சாம்பியன், இத்தாலியின் ஸ்கியாவோனே. முதல் செட் 6-4. இரண்டாவது செட் 6-6 என்று சமமாகி, முடிவுகட்டும் டைபிரேக்குக்குப் போனது. அதில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் 7-0. கடைசிப் பந்து வெளியே போனதும் செம்மண்ணில் மல்லாந்து விழுந்தார். ஒரு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் முதன்முதலாக ஆசியாவுக்கு வந்தது. அவருக்கு அப்போது 29 வயது. சீனாவில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேலானவர்கள் பார்த்த ஆட்டம் என்றார்கள்.

உங்கள் கணவர் பார்த்த 2014 ஆட்டத்துக்கு முந்திய வருடமும் மெல்பர்னில் லீ நா ஃபைனல் ஆடினார், அஸரென்காவோடு. இரண்டு முறை கணுக்கால் மடங்கி விழுந்தார். இரண்டாம் முறை தலை தரையில் மோதியது. ஓடிவந்த மருத்துவர் 'என் விரலையே பாருங்கள்' என்று கண் முன்னால் விரலை ஆட்டியபோது லீ நாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று தோற்றார். 2014-லும் மூன்றாவது சுற்றிலேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். எதிரில் ஆடிய லூசி சஃபரோவாவுக்கு மேட்ச் பாயின்ட், அந்த ஒரு புள்ளியை எடுத்தால் ஆட்டம் அவருக்கு. அவர் அடித்த பந்து கோட்டைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது. அங்கே பிழைத்தவர்தான் ஃபைனலில் சிபுல்கோவாவை 7-6, 6-0 என்று வென்றார். 32 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அடுத்த மாதமே உலகத் தரவரிசையில் இரண்டாமிடம். அதே வருடம் செப்டம்பரில் ஓய்வு. நான்கு முழங்கால் அறுவை சிகிச்சைகள் ஆகியிருந்தன. உடம்பு போதும் என்று கெஞ்சுகிறது என்று எழுதிவிட்டு விடைபெற்றார். இந்த முறை கடிதத்தை ஒளித்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகள் மனசு மாறுமா? தெரியாது, மாற்றுவதற்காக இந்தக் கதையைப் பயன்படுத்தவும் வேண்டாம். "லீ நாவும் விட்டுட்டுத் திரும்பி வந்தா, நீயும் ரெண்டு வருஷத்துல வந்துடுவே" என்று சொல்லிவிட்டால், பழைய நெருக்கடியே புது உருவத்தில் வந்து நிற்கும். விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்புவதில்லை. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். அவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், நன்றாக இருக்கிறார்கள். உங்கள் மகளும் அப்படி இருந்துவிட்டால் பதினோரு வருடம் வீணா? விடியற்காலையில் எழுந்திருக்கத் தெரிந்த, தோற்ற மறுநாளும் கோர்ட்டுக்குப் போய் நின்ற ஒரு பெண் காலேஜுக்குப் போகிறாள். அந்தப் பழக்கத்தை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. பதினோரு வருடம் செலவழித்த மனிதருக்கு வலிக்கத்தான் செய்யும். ஸ்ட்ரிங் மாற்ற, ஷூ வாங்க, வெளியூர் டோர்னமென்டுக்கு ரயில் ஏற என்று எத்தனை செலவை அவர் தனக்குச் செய்துகொள்ளாமல் தள்ளிப்போட்டிருப்பார்! அந்த வலியை மகளிடம் காட்டாமல் உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் காது கொடுங்கள். அவரிடம் ஜியாங் ஷான் செய்ததை மட்டும் சொல்லுங்கள். கோச் வேலையிலிருந்து இறங்கினால் அப்பா வேலை அப்படியே இருக்கிறது. ஒரு மாதமாக நின்றுபோன பேச்சை அவர்தான் ஆரம்பிக்க வேண்டும். டென்னிஸ் என்ற சொல்லே இல்லாமல், "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டால்கூடப் போதும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா விஷயம் அவசரமானது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரி அணிக்கு ஆடுவாள் என்று கல்லூரி எதிர்பார்க்கும், அது நியாயமும்கூட. வயிற்றைப் புரட்டுகிற பெண்ணை மூன்று வருடம் அதில் கட்டிப்போடாதீர்கள். மதிப்பெண்ணை வைத்துப் பொதுப் பிரிவில் விஸ்காம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். சான்றிதழ்களை ஃபைலில் பத்திரமாக அடுக்கி அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் விளையாட்டு என்று இருக்கும் கட்டத்தை அவளே நிரப்பட்டும், அல்லது காலியாக விடட்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேனா எடுத்துக் கொடுக்கட்டும்.