ரோல்பிளேயிங் ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் பகடை உருட்ட வேண்டுமா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, சேர்ந்து கதை வளர்க்கும் ஆட்டம்தான் ரோல்பிளேயிங். கேட்டவருக்கு நேரடி பதில்: வேண்டாம். பூட்டாத கதவைத் திறக்க யாரும் உருட்டுவதில்லை. முடியுமா என்ற சந்தேகமும், தோற்றால் ஏதாவது கெட்டுப்போகும் என்ற பயமும் இருந்தால்தான் பகடை.

1974-இல் முதலில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸையே எடுத்துக்கொள்வோம். போன ஞாயிறு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆடினோம். கதையில் தங்கையின் கதாபாத்திரமான திருடன் ஒரு மதிலில் ஏற வேண்டும். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர், "15 வேணும்" என்றார். விழும் எண்ணோடு திருடனின் திறமைக்காக 5 கூட்டிக்கொள்ளலாம். அப்படியென்றால் 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும்: 11 முகங்கள், 55 சதவீதம்.

கதையில் நான் கீழே நின்று தோள் கொடுத்தேன். உதவி கிடைத்தால் 'அட்வான்டேஜ்', அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே சொதப்ப வாய்ப்பு சுமார் 20 சதவீதம்தான். விழுந்தது 3, 7. இருவரும் அகழியில்!

ஒற்றைப் பகடையில் 1-க்கும் 20-க்கும் ஒரே வாய்ப்பு. சில ஆட்டங்களில் இரண்டு ஆறுமுகப் பகடை. 36 வழிகளில் 7 விழ ஆறு வழி, 12 விழ ஒரே வழி. நடு எண்களே அடிக்கடி விழும் இந்த நிதானம்தான் எனக்குப் பிடிக்கும்.

தாயத்தில் தாயம் விழாமல் காய் இறங்காது, கெஞ்சியும் பயனில்லை. இங்கே, "கயிறு கட்டி ஏறுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மாஸ்டர் 15-ஐ 10 ஆக்கலாம், உருட்டவே வேண்டாம் என்றும் விடலாம்.