"சிரித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: நாங்கள் பிரிஸ்பேனில் வசிக்கிறோம். ஒவ்வொரு செப்டம்பர் விடுமுறைக்கும் ஏர்லி பீச்சில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, விட்சண்டே தீவுகளை ஒரு வாரம் சுற்றுவோம். கணவரும் 13 வயது மகளும் ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு பவளப்பாறைப் பக்கம் போனால் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். 9 வயது மகன் மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறான். இத்தனைக்கும் நீச்சல் வகுப்பில் அவன்தான் முதல்! எனக்கு நீச்சல் தெரியாது, என்ஜின் பக்கமும் போனதில்லை. போன வருஷம் "நீயும் போடா" என்றதற்கு, "அப்பா தண்ணியில இருக்கும்போது படகு கழண்டு போயிட்டா நீ என்னம்மா பண்ணுவே?" என்றான். சிரித்துவிட்டேன். கணவர் அவனைப் பயந்தாங்கொள்ளி என்கிறார். இவன் பயத்தை எப்படிப் போக்குவது?

பதில்: சகோதரி, பிள்ளையின் தண்ணீர் பயத்தைப் போக்க வழி கேட்டு எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. உங்களுடையது அந்த வகை இல்லை. நீச்சலில் முதலாவதாக வரும் பையனுக்குத் தண்ணீரைக் கண்டு என்ன பயம்?

அவன் கேட்டதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அவன் உங்களுக்குக் காவல் இருக்கிறான். படகை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மீன் பார்க்கிறார். மேலே இருப்பவருக்கு நீச்சலும் தெரியாது, என்ஜினும் தெரியாது. பெரியவர்கள் இரண்டு பேர் போடாத கணக்கை ஒரு குழந்தை போட்டுப் பார்த்திருக்கிறது. அதற்கு அம்மாவிடம் கிடைத்தது சிரிப்பு, அப்பாவிடம் கிடைத்தது பயந்தாங்கொள்ளிப் பட்டம். எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹூக் தீவின் வடக்கே மான்டா ரே வளைகுடாவில் பெரிய மாவோரி வ்ராஸ் மீன்கள் படகை ஒட்டியே வரும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும், சரி. ஆனால் அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு நடுவே ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் ஆறு மாதிரி இழுக்கும். மலைச்சரிவிலிருந்து காற்று திடீரென்று அறையும். படகு கழன்றால்தான் ஆபத்து என்றில்லை. உங்கள் கணவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்? அவரையும் மகளையும் நீரோட்டம் முனை தாண்டிக் கொண்டுபோனால்? டிங்கியை, அதாவது கூடவே இருக்கும் சின்னப் படகை, எடுத்துக்கொண்டு யார் போவது?

விட்சண்டேயில் பேர்போட், அதாவது மாலுமி இல்லாமல் நாமே ஓட்டும் வாடகைப் படகு, எடுக்க லைசென்ஸ் கேட்பதில்லை. கிளம்பும் முன் வாடகைக்குக் கொடுப்பவர்கள் படகிலேயே சில மணி நேரம் சொல்லிக்கொடுப்பதுதான் பாடம். அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கீழே பிரிட்ஜில் பாலும் காய்கறியும் அடுக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். இது படகில் மட்டும் நடப்பதில்லை. என் அப்பா இறந்தபோது, காசோலையில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் ராணி மாதிரி வைத்திருந்தேன் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்தப் பதினாறு நாள் துக்கத்தில் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மனைவிக்கு எதையும் சொல்லித்தராமலே வைத்துக் காப்பாற்றுவதை நான் அன்பு என்று ஏற்கவே மாட்டேன்.

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். படகில் தலைவர் ஒருவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனக்கு அடுத்த ஆளைத் தயார் பண்ணாமல் குடும்பத்தைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவருக்கு, மகனைக் கோழை என்று சொல்ல உரிமை கிடையாது.

உங்களுக்கும் சாக்கு கிடையாது. பிரிஸ்பேனில் பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரும் குளங்கள் உண்டு. இந்த வாரமே சேருங்கள். அடுத்த பயணத்தில் அந்தப் பாடம் நடக்கும்போது காய்கறியை அப்படியே போட்டுவிட்டு முன்னால் போய் உட்காருங்கள். என்ஜினை நீங்களே நாலு தடவை போட்டு அணையுங்கள். டிங்கியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். ரேடியோவில் 16-ஆம் சானலில் "மேடே" என்று, அதாவது உயிராபத்து, உதவி வேண்டும் என்று கூப்பிடும் அந்தச் சொல்லை, மூன்று முறை சொல்லி, படகின் பெயரையும் இருக்கும் இடத்தையும் எப்படிச் சொல்வது என்று மைக்கை அழுத்தாமல் வாய்விட்டுப் பழகுங்கள். ஜெல்லி மீன் கொட்டினால் ஊற்றும் வினிகர் எந்த அலமாரியில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மகளும் கூட நிற்கட்டும்.

அப்புறம் பையனிடம் போங்கள். போன வருஷம் சிரித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். "படகு கழண்டு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு கேட்டியே, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அவன் கண் முன்னால் என்ஜினைப் போடுங்கள்.