பன்னிரண்டு கமெராவும் சிங்கராஜ வனமும்: எதை எண்ணலாம், எதை எண்ண முடியாது?

கேள்வி: யாழ். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு எங்கள் குழுவிடம், விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் 12 தானியங்கிக் கமெராக்கள் இருக்கின்றன. சிங்கராஜ வனத்தில் இரண்டு மாதம் பூட்டிவைத்து, அங்கே எத்தனை சிறுத்தை, மரை, பன்றி இருக்கின்றன என்று சொல்ல முடியுமா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி)

பதில்: உங்கள் பட்டியலில் ‘எத்தனை’ என்று கேட்கக்கூடியது சிறுத்தையை மட்டும்தான். அதற்கும் 12 கமெரா போதாது. மரைக்கும் பன்றிக்கும் ‘எங்கெங்கே நடமாடுகின்றன’ என்று கேட்டால் இந்த 12ஐ வைத்தே உருப்படியான பதில் கிடைக்கும். ஆகவே தலைப்பை இப்போதே மாற்றிவிடுங்கள்.

காரணம் எளியது. ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளிக்கோலம் வேறு. முன்பு படத்தில் விழுந்ததுதான் மறுபடியும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். புதியவை எத்தனை, திரும்ப வந்தவை எத்தனை என்ற விகிதத்திலிருந்து, படத்தில் விழாமலே போனவற்றையும் சேர்த்து மதிப்பிடலாம். இந்திய விலங்கியலாளர் உல்லாஸ் காரந்த், கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டுப் புலிகளுக்கு இப்படிச் செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஆனால் உடலின் இடப்பக்கக் கோலமும் வலப்பக்கக் கோலமும் ஒன்றல்ல. இரண்டு பக்கமும் எடுக்க ஓரிடத்துக்கு இரண்டு கமெரா வேண்டும். அப்படியென்றால் உங்களுக்கு ஆறு இடம்தான். ஒரே சிறுத்தை வெவ்வேறு இடங்களில் பல தடவை விழாவிட்டால் இந்தக் கணக்கு நகராது.

பன்றியில் அந்த வசதியும் இல்லை. 50 படம் வந்தால் 50 பன்றியா, ஒரே பன்றி 50 தடவை வந்ததா? அரை மணி நேரத்துக்குள் வந்த படங்களை ஒன்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது இரட்டிப்பைக் குறைக்குமே தவிர, தலை எண்ணிக்கையைத் தராது. ‘100 கமெரா இரவுக்கு இத்தனை படம்’ என்ற குறியீட்டைப் பல அறிக்கைகளில் பார்ப்பீர்கள் (ஒரு கமெரா ஓரிரவு நின்றால் அது ஒரு கமெரா இரவு). பாதையோரக் கமெராவையும் புதருக்குள் இருக்கும் கமெராவையும் அதை வைத்து ஒப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. சிறுத்தை பாதையில் நடக்கும், சருகுமான் பாதையைத் தவிர்க்கும். அப்போது குறியீடு அளப்பது கமெரா வைத்த இடத்தைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? வரைபடத்தில் ஒரு கிலோமீற்றர் சதுரக் கட்டங்கள் போடுங்கள். முதல் 30 நாள் 12 கட்டம், அடுத்த 30 நாள் வேறு 12 கட்டம். கட்டத்தின் நடுப்புள்ளிக்குப் போய், அதற்குப் பக்கத்தில் தெரியும் விலங்குத் தடத்தில் ஒரு கமெரா. 1970களில் மரம் வெட்டப் போட்ட பழைய பாதைகள், வனத்தின் நுழைவாயில்களில் ஒன்றான குடாவ பக்கம் இருக்கின்றன. நடக்கச் சுகம் என்பதற்காக எல்லாவற்றையும் அங்கேயே கட்டிவிடாதீர்கள். 24 இடத்தில் 9இல் கேளையாடு விழுந்தது என்று வையுங்கள். மீதி 15இலும் அது இல்லை என்று எழுதக்கூடாது. 30 நாளை ஐந்தைந்து நாளாக ஆறு துண்டாக்குங்கள். கேளையாடு இருக்கும் ஓரிடத்தில், ஒரு துண்டில் அது படத்தில் விழும் வாய்ப்பு 20% என்றால், ஆறிலும் தப்பிவிடும் வாய்ப்பு 0.8ஐ ஆறு தடவை பெருக்கினால் வரும்: ஏறத்தாழ 26%. அதாவது, அது இருக்கிற நான்கு இடத்தில் ஒன்றை நீங்கள் ‘இல்லை’ என்று பதிந்திருப்பீர்கள். இந்தத் தப்பிப்போகும் அளவைத் தரவிலிருந்தே கணித்துத் திருத்துவதுதான் இருப்பிட மாதிரியின் வேலை. உங்கள் ஆய்வின் நடு அத்தியாயம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

கமெராவை முழங்கால் உயரத்தில், தடத்திலிருந்து மூன்று நான்கு மீற்றர் தள்ளி, விலங்கு குறுக்கே கடக்கும்படி கட்டுங்கள். உணரி பார்ப்பது அசையும் வெப்ப வேறுபாட்டை. நேரே கமெராவை நோக்கி வருவதைவிடக் குறுக்கே போவதை அது நன்றாகப் பிடிக்கும். புறப்படுமுன் ஊர் வடலிக்குள் ஒத்திகை பாருங்கள், நாயை நடக்கவிட்டே சோதிக்கலாம். வெயிலில் சூடேறி ஆடும் ஓலை உங்களுக்கு ஏராளம் வெற்றுப் படம் தரும். அதுவும் ஒரு பாடம்தான். சிங்கராஜாவில் தொல்லை வேறு: ஈரம், கண்ணாடியில் பனிப்படலம், பெட்டிக்குள் குடியேறும் எறும்பு. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சாதாரண அல்கலைன் பற்றரி வேண்டாம், லிதியம் வாங்குங்கள். முன்னால் இருக்கும் பன்னத்தை வெட்டாவிட்டால் ஒரு மாதத்தில் இலையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

காலத்தை எங்கள் மாரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இங்கே வெயில் எரிக்கும் மே, ஜூனில் அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். மழை சற்றுக் குறைவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அட்டை எப்போதும் உண்டு.

இரண்டு மாதத்துக்குள் 24 இடத்தை முடிக்கவேண்டுமானால் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே தொடங்குங்கள். சிங்கராஜ வனம் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ளது, தலைமையகம் பத்தரமுல்லையில். கமெரா எங்கெங்கே, எத்தனை நாள் என்ற வரைபடத்தையும் மேற்பார்வையாளரின் கடிதத்தையும் கூடவே வையுங்கள். குழுவில் சிங்களம் பேசும் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ‘விலங்காய்வு’ என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். ஊர்க்காரர் யாராவது படத்தில் விழுந்தால் அந்தப் படங்களை அழித்துவிடுங்கள். அழுங்கு விழுந்தால் இடத்தை முகநூலில் போடாதீர்கள், வேட்டைக்காரருக்கு அது வழிகாட்டிவிடும்.