கிரிமினல் வழக்குகளில் ஜூரி பாரபட்சமில்லாமல் முடிவெடுக்குமா?

சட்டம் படிக்காத 12 பேர் ஒரு அறையில் கூடி, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்கிறார்களே, அவர்கள் நடுநிலையாக இருப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். நீதிபதி மட்டுமே விசாரிக்கும் நீதிமன்றங்களில்தான் இதுவரை நின்றிருக்கிறேன். ஆனால் ஜூரி முறை உள்ள நாடுகளின் தீர்ப்புகளைப் பல வருடங்களாகத் தேடிப் படிக்கிறேன். படித்த வரையில் எனக்குப் பட்டது இதுதான்: சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே, ஜூரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஓரிரு நாளிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் கர்டிஸ் ஃப்ளவர்ஸ் வழக்கைப் பாருங்கள். மிசிசிப்பி மாநிலத்தில் 1996-ல் ஒரு மரச்சாமான் கடையில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஃப்ளவர்ஸ் கறுப்பினத்தவர். அதே கொலைகளுக்காக அவரை ஆறு முறை விசாரித்தார்கள். ஆறு முறையும் ஒரே அரசு வழக்கறிஞர். முதல் ஜூரியில் எல்லோரும் வெள்ளையர்கள்: குற்றவாளி என்றார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 11 வெள்ளையர், ஒரு கறுப்பினத்தவர்: மறுபடியும் குற்றவாளி. மேல்முறையீட்டில் மூன்றும் ரத்தாயின. நான்காவதில் ஐந்து கறுப்பினத்தவர்கள், ஐந்தாவதில் மூன்று பேர். இரண்டு முறையும் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆறாவதில் பழையபடி 11-க்கு 1: குற்றவாளி, மரண தண்டனை.

நான்காவதில் மட்டும் ஐந்து பேர் எப்படி உள்ளே வந்தார்கள்? அங்கே காரணம் சொல்லாமலே இத்தனை பேரை வேண்டாம் என்று ஒதுக்கலாம் என இரு தரப்புக்கும் ஓர் உரிமை உண்டு. அந்த முறை அழைக்கப்பட்டவர்களில் கறுப்பினத்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால், அரசுத் தரப்புக்கு அந்த எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவுதான். ஆறு விசாரணைகளையும் சேர்த்துப் பார்த்தால், பதிவுகள் இருக்கும் வரையில், தன்னால் நீக்க முடிந்த 42 கறுப்பினத்தவர்களில் 41 பேரை நீக்க அரசுத் தரப்பு முயன்றிருக்கிறது. ஆறாவது விசாரணையில் தான் ஒதுக்கிய ஐந்து கறுப்பினத்தவர்களிடம் கேட்ட கேள்விகள் 145. ஜூரியில் உட்கார்ந்த 11 வெள்ளையர்களிடம் கேட்டவை மொத்தமே 12.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். குறுக்கு விசாரணை என் தினசரி வேலை. ஒருவரிடம் எதற்காக இருபது, முப்பது கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்காவது வாய் தவறமாட்டாரா, அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்றுதான்.

இன அடிப்படையில் ஜூரரை ஒதுக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. அப்புறமும் இது நடந்தது, ஏனென்றால் கேட்டால் வேறு ஏதாவது ஒரு காரணம் சொன்னால் போதும். ஃப்ளவர்ஸின் தண்டனையை அதே நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது; 2020-ல் வழக்கையே கைவிட்டார்கள்.

சரி, "நடுநிலையாக இருப்பீர்களா?" என்று ஜூரரிடமே கேட்டுவிட்டால் போதாதா? போதாது. அமெரிக்காவிலேயே இர்வின் என்பவரின் கொலை வழக்கில் ஜூரியில் உட்கார்ந்த 12 பேரில் எட்டுப் பேர், அவர் குற்றவாளி என்று ஏற்கெனவே நினைப்பதாக ஒத்துக்கொண்டவர்கள். அந்த ஊர்ப் பத்திரிகைகள் அப்படி எழுதியிருந்தன. ஆனாலும் நியாயமாக நடப்போம் என்று எல்லோரும் உறுதி சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனசார நம்பியே சொல்லியிருப்பார்கள். 1961-ல் அந்தத் தண்டனையும் ரத்தானது.

ஆக, தனி மனிதரின் நல்ல மனசை நம்பி இதை நடத்த முடியாது. நான் நம்புவது வேறு ஒன்றை: வேறு வேறு வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் ஒரே மேஜையில் உட்காரும்போது, தான் சொல்வதற்கு எதிரே இருப்பவரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அதற்கு முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1898-ல் இந்த விதியைத் தளர்த்தினார்கள். ஜூரியில் ஓரிரு கறுப்பினத்தவர் இருந்தாலும் அவர்கள் வாக்கு எடுபடக்கூடாது என்பதற்காக. பின்னாளில் 10 பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்றே ஆகிவிட்டது. மீதி இருவர் என்ன சொன்னாலும் கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. தீவிரக் குற்ற வழக்குகளில் ஒருமனதான முடிவு கட்டாயம் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னது 2020-ல்தான்.

நீதிபதி மட்டும் விசாரித்தால் பாரபட்சம் இருக்காதா என்றால், இருக்கும். கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீதிபதி காரணங்களை எழுதியாக வேண்டும், அதை வரிவரியாக எடுத்து மேல்முறையீட்டில் நான் வாதாடலாம். ஜூரி ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறது, உள்ளே பேசியது உள்ளேயே போய்விடுகிறது. இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

காரணம் சொல்லாமல் ஒதுக்கும் உரிமையை இங்கிலாந்து 1988-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2022-லிருந்து நிறுத்திவிட்டது. மிசிசிப்பியில் அது இன்னும் இருக்கிறது.