40 லிட்டர் சரி, எந்தத் தண்ணீருக்கு?

கேள்வி: குளோரெல்லா நுண்பாசி வளர்க்கிறோம். தண்ணீரிலிருந்து பாசியைப் பிரித்து அறுவடை செய்ய, நுண்துளைச் சவ்வான மெம்பிரேன் வடிகட்டி வாங்கினோம். சதுர மீட்டருக்கு மணிக்கு 40 லிட்டர் தண்ணீர் இறங்கும் என்று ஒப்பந்தத்திலேயே உத்தரவாதம் தந்தார்கள். 2 மாதத்தில் 12 லிட்டராகிவிட்டது. தினமும் போன் செய்த விற்பனையாளர் இப்போது எடுப்பதே இல்லை. கூட்டாளி என்னைத் திட்டுகிறார். நாங்களே குளோரின் விட்டுக் கழுவியும் பயனில்லை. விற்பனை இழப்பையும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: விற்பனையாளர் போனை எடுக்காததும் கூட்டாளியின் திட்டும் வழக்குக்கு உதவாது, விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த 40 லிட்டர் எந்தத் தண்ணீருக்கு?

வெறும் தண்ணீரை விட்டால் புது மெம்பிரேன் தாராளமாக வடித்துவிடும். பாசி வெளிவிடும் வழவழப்பான சர்க்கரைப் பொருளும் புரதமும்தான் துளையை அடைப்பவை. உத்தரவாதப் பிரிவில் பாசியின் அடர்த்தி, அழுத்தம், வெப்பநிலை, எத்தனை மணி நேர ஓட்டம் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு வழக்கு உண்டு. ‘சுத்த நீரில்’ என்றிருந்தால், அவர்கள் முதல் நாளே சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்.

என் பயமெல்லாம் அந்தக் குளோரின் மேல்தான். வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். மெம்பிரேன் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் இழையானால் குளோரினை ஓரளவு தாங்கும், கடும் காரத்தில் கெடும். பாலிஅமைடு என்ற வேறு பிளாஸ்டிக்கானால் அதற்குக் குளோரினே ஆகாது. எத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு குளோரின்), எவ்வளவு நேரம், என்ன பிஎச் (அமில, கார அளவு) என்று கையேட்டில் இருக்கும். அதை நீங்கள் மீறியதாகக் காட்டிவிட்டால் எதிர்த்தரப்பு 40 லிட்டரைப் பற்றி வாயே திறக்காது, ‘கெடுத்தது நீங்கள்தான்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். உங்களிடம் கழுவல் பதிவேடு இருக்கிறதா? இல்லையென்றால் இப்போது உட்கார்ந்து எழுதாதீர்கள். ஒருவர் இரண்டு மாதப் பதிவையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதிக் கொண்டுவந்தார். எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை. நான் அதைத் தாக்கல் செய்யவில்லை.

இன்றோடு கழுவுவதை நிறுத்துங்கள். கழற்றிய மாட்யூலை, அதாவது மெம்பிரேன் அடங்கிய பகுதியை, தூக்கிப் போடாதீர்கள், ஈரமாகவே மூடி வையுங்கள். காய்ந்துபோனால், கெட்டது அதனால்தான் என்பார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் அழுத்தப் பதிவு இருந்தால், பழையது அழியுமுன் பிரதி எடுங்கள். அப்புறம் விற்பனையாளரை எழுத்தில் கூப்பிட்டு, இரு தரப்பும் நிற்க, உங்கள் தொட்டிப் பாசியிலேயே சோதனை வையுங்கள். நோட்டீஸ் அதற்குப் பிறகு போகட்டும்.

விற்பனை இழப்பா? இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் அதை விலக்கும் பிரிவு பெரும்பாலும் இருக்கும், பாருங்கள். வெளிப்படையாகச் சொன்னால், குளோரின் கதை இருக்கும்போது நான் வழக்குக்குப் போகமாட்டேன். கூடுதல் மாட்யூல் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். பரப்பு கூடினால் ஒவ்வொரு மாட்யூலையும் மெதுவாக ஓட்டலாம், அடைப்பும் தாமதமாகும். அவர்களுக்கும் அது பணமாகக் கொடுப்பதைவிட எளிது. சமரசத் தாளில் இந்தத் தடவையாவது எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘வாங்குபவரின் பாசியில், இன்ன அடர்த்தியில்’ என்று எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.