பாட்டாவின் தொப்பியில் சங்கு: அது பட்டாளச் சின்னம்தானா?

கேள்வி: தக்கலை பக்கத்தில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது மச்சில் இருந்த தகரப் பெட்டியில் பாட்டாவின் காக்கித் தொப்பி கிடைத்தது. படகு மாதிரி நெடுக மடியும் தொப்பி. இடது பக்கம் பித்தளைச் சின்னம். நடுவில் சங்கு, கீழே நாடா போல ஒரு வளைவு, அதில் எழுத்து மங்கிக் கிடக்கிறது. உள்ளே மையில் 1118 என்று இருக்கிறது. பாட்டா பட்டாளத்தில் இருந்ததாக ஆச்சி சொல்வார்கள். எந்தப் பட்டாளம் என்று யாருக்கும் தெரியவில்லை. சின்னத்தைத் துலக்கிப் பார்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். துலக்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் கை நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் விளக்கு தடித்த வார்ப்பு, இது தகடு. நாடாவில் இருக்கும் எழுத்து தகட்டிலிருந்து மேடாக எழும்பும் உயரம் ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது. பல வருடங்களுக்கு முன் ஒருவர் இதே போன்ற சின்னத்தைத் தங்கமாகப் பளபளக்கத் தேய்த்து என்னிடம் கொண்டுவந்தார். நாடா வழவழவென்று இருந்தது. படிக்க ஒன்றுமே மிச்சமில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. கடைகளில் விற்கும் பாலிஷும் வேண்டாம். அது பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிப்போகும், துணியையும் கறையாக்கும்.

எழுத்தைப் படிக்க வேறு வழி இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சின்னத்தின் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கை வாக்கில் பிடியுங்கள். மேடு பள்ளத்தில் நிழல் விழும்போது, பகலில் தெரியாத எழுத்து எழுந்து வரும். டார்ச்சை மெல்லச் சுற்றிக்கொண்டே நாலைந்து படம் எடுங்கள். அப்புறம் மெல்லிய தாளை மேலே வைத்து, மெத்தென்ற பென்சிலால் சாய்வாகத் தேயுங்கள். சிறுபிள்ளைகள் காசு மேல் தாள் வைத்துத் தேய்ப்பார்களே, அதே வேலைதான்.

சரி, சங்குக்கு வருவோம். இது பத்மநாப சுவாமியின் சங்கு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அரசுச் சின்னம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் இருந்தன. அதனால் நம் ஊர்ப் பெட்டிகளில் சங்கு கிடைப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சங்கைப் பார்த்ததும் சமஸ்தானத்தின் படையான நாயர் பட்டாளம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சமஸ்தானத்தின் காசிலும் சங்கு, 1888-இல் வந்த அஞ்சல் தலையிலும் சங்கு. அங்கே அஞ்சல் என்பது சமஸ்தானத்தின் சொந்தத் தபால் துறை, 1951-இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. சங்கு அரசாங்கத்தின் முத்திரை. அதை அணிந்தவர் சிப்பாயா, போலீஸா, அஞ்சல்காரரா என்பதைச் சொல்ல வேண்டியது அந்த நாடாவில் உள்ள எழுத்துதான். நான் அதற்காக இவ்வளவு மன்றாடுவது அதனால்தான்.

சங்குக்கு மேலே அசோகச் சிங்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் அது மகாராஜா காலத்துச் சின்னம் இல்லை, பிற்காலத்தது. இன்றைய கேரள அரசின் சின்னத்தில் இரண்டு யானைகள், சங்கு, மேலே சிங்கம் எல்லாம் சேர்ந்தே வரும். சமஸ்தானப் படை இந்திய ராணுவத்தோடு இணைந்த பின் மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்கள் ஆனது. அந்த ரெஜிமெண்டின் சின்னத்தில் சங்கு கிடையாது, கேடயமும் குறுக்கு வாள்களும் யானையும்தான்.

இனி முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். எனக்கு எப்போதும் முகத்தைவிட முதுகின் மேல்தான் நம்பிக்கை. அச்சில் அடித்த பழைய சின்னமானால் முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெரியும். இரண்டு சின்ன வளையங்களும் அவற்றில் நுழைத்த ஊசியும் இருக்கலாம், அல்லது செங்குத்தான ஒரு நாக்குத் தகடு இருக்கலாம். இரண்டுமே அந்தக் காலத்து வழக்கம்தான். பின்பக்கம் தட்டையாக, அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தால் அது மணல் அச்சில் வார்த்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, சின்னத்தைக் கழற்றாமலே ஓரத்தை லேசாகத் தூக்கி அடியில் உள்ள துணியைப் பாருங்கள். வெயிலும் தூசியும் படாத அந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருட்டாக இருக்கும். அந்த இருட்டின் வடிவமும் சின்னத்தின் வடிவமும் ஒத்துப்போனால், இந்தச் சின்னம் இந்தத் தொப்பியிலேயே வருடக்கணக்கில் இருந்தது என்று நம்பலாம். ஒத்துப்போகாமல், ஆளில்லாத ஓட்டைகள் பக்கத்தில் தெரிந்தால், வேறொரு சின்னத்தை எடுத்துவிட்டு இதைப் பிற்பாடு யாரோ குத்தியிருக்கிறார்கள்.

அந்த 1118 எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சமஸ்தானத்தில் காசும் கணக்கும் மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில்தான். அதோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். ஆவணியில் பிறப்பதால் முதல் சில மாதங்களுக்கு மட்டும் 824. ஆக 1118 என்பது 1942 ஆகஸ்டிலிருந்து 1943 ஆகஸ்ட் வரை, இரண்டாம் உலகப் போரின் நடுவில். காக்கி மடிப்புத் தொப்பி அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த எண் அச்சுக்கட்டையால் குத்தியதா, கையால் எழுதியதா என்று பாருங்கள். குத்தியிருந்தால், பக்கத்தில் அளவும் முத்திரையும் இருந்தால், ஆண்டு என்று கொள்ளலாம். கையெழுத்தானால் அது பாட்டாவின் ஆள் எண்ணாக இருக்கலாம், அதுவும் பொக்கிஷம்தான்.

சங்கு இல்லாமல் பிரிட்டிஷ் கிரீடம் வைத்த சின்னம் கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வில் போல உயர்ந்து வளைந்த கிரீடம் 1901-க்குப் பிறகு வந்தது. நடுவில் பள்ளமாக அமுங்கிய கிரீடம் 1953-இல் எலிசபெத் ராணி முடிசூடிய காலத்தது. 1950 குடியரசுக்குப் பின் இந்தியப் படைத் தொப்பியில் அது வர வழியில்லை. மலேயாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர் கொண்டுவந்ததாக இருக்கும்.

உங்கள் தொப்பியைப் பற்றி என் கணிப்பு: போர்க்காலத்துத் திருவிதாங்கூர் அரசுத் தொப்பி, பட்டாளமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நாடாவைப் படித்ததும் உறுதியாகிவிடும். அதே தகரப் பெட்டியில் படையை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகமோ பதக்கமோ இருக்கிறதா என்று துழாவுங்கள். பதக்கமானால் விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள், பெயரும் எண்ணும் பொறித்திருப்பார்கள். தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம். நம் ஊரில் இரண்டு மழைக்காலம், கடல் காற்று வேறு. உள்ளே ஈரம் நின்றால் களிம்பு பிடிக்கும். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

சமஸ்தான ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் கன்னியாகுமரி மாவட்டம் என்று மட்டும் எழுதினால் தேடுபவருக்குப் பிடி கிடைக்காது. கல்குளம் தாலுகா, ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், பாட்டாவின் அப்பா பெயர், கூடவே கொல்லம் 1118 என்று எழுதுங்கள். பென்சிலால் தேய்த்த தாளின் நகல் ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.